தெரிந்தும் ஏன் செய்வதில்லை? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழில் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதியிருந்தேன். ஓஆர்எஸ் கரைசலும் ஜிங்க் மருந்தும்தான் முக்கியம், பெரும்பாலான பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை என்று. அதற்கு வந்த கடிதங்கள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: ஆராய்ச்சியில் நிரூபித்த ஒன்று, டாக்டருக்கும் நர்சுக்கும் தெரிந்த ஒன்று, ஏன் நடப்பதில்லை? எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம் இது. அதனால் இந்த முறை மூட்டுவலி, சர்க்கரைக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

நீங்கள் எழுதியதைப் படித்த பத்தாவது நாளே என் ஒன்றரை வயதுப் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. எங்கள் குடும்பமே பல வருடமாகப் பார்க்கிற டாக்டரிடம்தான் போனோம். ரொம்ப நல்லவர். ஆன்டிபயாட்டிக் சிரப்பும் வாந்திக்கு ஒரு மருந்தும் எழுதினார். ஓஆர்எஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாதா, தெரிந்தேதான் விட்டுவிட்டாரா? பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் அம்மணி நிம்மதியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்குத் தெரியும். இந்தியாவில் மருத்துவம் படித்த எவருக்கும் ஓஆர்எஸ் தெரியாமல் இருக்க முடியாது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருந்த பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து வைத்து, கூட இருந்த உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலு பேருக்கும் கீழே இறங்கியது. நம்ம நாட்டு மண்ணில் நடந்த விஷயம், ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விலையும் சில ரூபாய்தான்.

அப்புறம் ஏன் எழுதுவதில்லை? இதற்கு மூன்று காரணம் சொல்வார்கள். கிளினிக்கில் ஓஆர்எஸ் இருப்பு இல்லை, ஆன்டிபயாட்டிக் எழுதினால் லாபம் அதிகம், நோயாளிகள் ஓஆர்எஸ்ஸை மருந்தாகவே மதிப்பதில்லை. எது நிஜம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்ததை 2024-ல் வெளியான ஓர் ஆய்வு நேராகவே சோதித்துப் பார்த்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் 2,282 தனியார் மருத்துவர்கள், மருந்துக்கடைக்காரர்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற ஆட்களை 'இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு' என்று சொல்லி அனுப்பினார்கள். சிலர் போனதும் 'ஓஆர்எஸ் கிடைக்குமா' என்று கேட்டார்கள், சிலர் ஆன்டிபயாட்டிக் கேட்டார்கள், சிலர் எதுவும் கேட்கவில்லை. அந்த மருத்துவர்கள், கடைக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஓஆர்எஸ் இருப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

விடை இப்படி வந்தது. ஓஆர்எஸ் எழுதாமல் போவதில் 42 விழுக்காட்டுக்குக் காரணம், 'வருகிறவர்களுக்கு இது பிடிக்காது' என்று மருத்துவர் தனக்குள் வைத்திருக்கிற எண்ணம். இருப்பு இல்லாதது 6 விழுக்காடு, பண லாபம் 5 விழுக்காடு. குழந்தைக்காக வந்தவர் வாய்திறந்து ஓஆர்எஸ் கேட்டபோது அதை எழுதுவது 27 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. எனக்கு இந்த முடிவைப் படித்தபோது வருத்தமும் நம்பிக்கையும் சேர்ந்தே வந்தது. உங்கள் டாக்டர் கெட்டவர் இல்லை. 'வெறும் உப்புத் தண்ணிக்கா இத்தனை தூரம் வந்தோம்' என்று எத்தனையோ பேர் முகத்தைச் சுளித்ததை அவர் பார்த்திருப்பார், அந்த முகங்களுக்குத்தான் அவர் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதனால் அடுத்த முறை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே போய் உட்கார்ந்ததும், 'டாக்டர், ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் போதுமுங்களா?' என்று கேளுங்கள். இது டாக்டருக்குப் பாடம் எடுப்பதாகாது. அவருக்கு நீங்கள் ஒரு கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

வீட்டுக்கு: ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிற பொடியைத்தான் சொல்கிறேன், அட்டைப் பெட்டியில் தித்திப்பாக விற்கிற பானத்தை இல்லை. இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. கரைத்தது 24 மணி நேரம்தான், மீதியைக் கொட்டிவிடுங்கள். ஜிங்க் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் விடாமல் மொத்தம் 10 முதல் 14 நாள். தாய்ப்பால் நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், கண் குழி விழுந்து போவது, குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது – இதில் எது தெரிந்தாலும் ராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். ரத்தம் கலந்த பேதிக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், அங்கே வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது.

ஒரு செவிலியர், பெருந்துறை

நான் தனியார் மருத்துவமனையில் ஐசியுவில் வேலை செய்கிறேன். கை சுத்தம் பற்றி இந்த வருடம் மூன்று முறை வகுப்பு எடுத்தார்கள். சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கிறது. அப்படியும் கணக்கெடுத்தால் பாதிப் பேர்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. நிர்வாகம் நர்சுகளுக்கு அக்கறை இல்லை என்கிறது. அக்கறை இல்லாமலா சார் நாங்கள் ராத்திரி முழுக்க நிற்கிறோம்?

சிஸ்டர், உங்கள் கோபம் நியாயம். மூன்று வகுப்பு எடுத்தும் மாறவில்லை என்றால் நாலாவது வகுப்பாலும் மாறாது, ஏனென்றால் வகுப்பு தெரியாதவர்களுக்கு உண்டான மருந்து. உங்களுக்குத் தெரியாமல் இல்லையே. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் ஊசி போடுவதை நாம் தப்பு என்கிறோம். வார்டில் ஒரு பழக்கம் நடக்கவில்லை என்றால் மட்டும் காரணம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வகுப்பு என்ற ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

2011-ல் சூசன் மிச்சியும் அவருடன் இருவரும் சேர்ந்து ஒரு மாதிரியை வெளியிட்டார்கள், காம்-பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் செய்ய மூன்று வேண்டும். செய்யத் தெரிய வேண்டும், உடம்பும் மனதும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் – இது திறன். சுற்றியிருக்கிற இடமும் பொருளும் நேரமும் ஆட்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் – இது வாய்ப்பு. செய்ய வேண்டும் என்று தோன்ற வேண்டும், யோசித்துத் தோன்றுவதும் சரி, யோசிக்காமல் பழக்கத்தில் வருவதும் சரி – இது உந்துதல். மூன்றில் எது குறைகிறது என்று பார்த்து அதற்கு மட்டும் வைத்தியம் பண்ண வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைச் செய்கிற மருத்துவமனைகள் குறைவு.

கொஞ்ச வருடம் முன்பு ஒரு மருத்துவமனையில் இதே பிரச்னைக்காக என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அங்கேயும் 'அக்கறை இல்லை' என்றுதான் சொன்னார்கள். ஒரு முற்பகல் முழுக்க வார்டில் ஓரமாக நின்று பார்த்தேன். ஹேண்ட்ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கிற கிருமிநாசினி) பாட்டில் காணாமல் போகிறது என்று நர்சுகள் மேஜையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டிலில் இருந்து அந்த மேஜைக்கு வந்து போவதே ஒரு நடை. இரண்டு பேசினில் ஒன்றில் தண்ணீர் வரவில்லை, இன்னொன்று கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்த வார்டில் உந்துதலைப் பற்றிப் பேசுவதற்கே நமக்கு அருகதை இல்லை. கட்டிலுக்கு ஒரு பாட்டில் என்று கால்மாட்டில் மாட்டினார்கள், பார்க்கும்போதே கைகள் தானாகப் போக ஆரம்பித்தன.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் நூறு முறை கை சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலோரத்து ஹேண்ட்ரப் ஒரு முறைக்கு 20 விநாடி என்றால் முப்பத்துமூன்று நிமிடம். பேசினில் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு நிமிடம் என்றால், நடக்கிற நேரம் போகவே, ஒரு மணி நாற்பது நிமிடம். இத்தனை நோயாளிகளைக் கையில் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு மணி நாற்பது நிமிடம் எங்கிருந்து வரும்? (கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், அதில் மாற்றம் இல்லை.)

அப்புறம் பெரியவர்கள். ரவுண்ட்ஸ் வருகிற மூத்த மருத்துவர் கையைச் சுத்தம் செய்யாமல் மூன்று நோயாளிகளைத் தொட்டுவிட்டுப் போனால், பின்னால் வருகிற பத்துப் பேரும் அப்படித்தான் போவார்கள். இதுவும் வாய்ப்பில்தான் சேரும், மனிதர்கள் தருகிற வாய்ப்பு. 1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவ வார்டுக்குள் வருமுன் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்துகொண்டிருந்த வார்டில் ஜூனில் அது இரண்டு ஆனது. அத்தனை பெரிய மாற்றத்தைக் கண்ணால் பார்த்தும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால், இத்தனை நாளும் என் கைதான் அந்தப் பெண்களைக் கொன்றது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதை எந்த வகுப்பு எடுத்துச் சரி செய்வது?

உங்கள் ஐசியுவுக்கு நேராகப் பொருந்துகிற உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில், கழுத்துப் பக்கம் போடுகிற சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் கிருமி போவதைத் தடுக்க ஐந்து படிகளைக் கொண்டுவந்தார்கள். பீட்டர் பிரொனோவோஸ்ட் குழு 2006-ல் முடிவை வெளியிட்டது, தொற்று 66 விழுக்காடு குறைந்தது. எல்லாரும் அந்த ஐந்து படிப் பட்டியலைத்தான் பேசுகிறார்கள். கூடவே செய்த இரண்டு காரியத்தை மறந்துவிடுகிறார்கள்: தேவையான சாமான் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் சேர்த்து வைத்தார்கள், படி ஒன்றை விட்டால் டாக்டரை நிறுத்துகிற அதிகாரத்தை நர்சுக்குக் கொடுத்து, நிர்வாகம் அதற்குப் பின்னால் நின்றது. உங்கள் நிர்வாகத்திடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, அந்த இரண்டாவது விஷயம் நம்ம ஆஸ்பத்திரியில் முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு தென்னை விவசாயி, பொள்ளாச்சி பக்கம்

எங்கள் ஊரில் ஒருத்தர் தோப்பில் சொட்டு நீர் போட்டார், நாலைந்து வருடத்தில் சுற்றி எல்லாத் தோப்புக்கும் வந்துவிட்டது. ஒரு மருத்துவ ஆராய்ச்சி முடிவு எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை வருடம் ஆகும்ங்க?

அண்ணா, அடிக்கடி சொல்கிற கணக்கு 17 வருடம். 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு பேர் போட்ட சராசரி அது, அதுவும் நோயாளிவரைக்கும் வந்து சேர்கிற கொஞ்ச நஞ்ச ஆராய்ச்சிக்கு. மற்றவை வழியிலேயே நின்றுபோகும். அதற்கு முந்தின காலம் இன்னும் மோசம். 1601-ல் ஜேம்ஸ் லங்காஸ்டர் என்ற கப்பல் தளபதி எலுமிச்சைச் சாறு கொடுத்துத் தன் கப்பல்காரர்களை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து காப்பாற்றினார். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோதித்து அதையே உறுதி செய்தார். பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு என்று முடிவெடுத்தது 1795-ல். லங்காஸ்டரிலிருந்து எண்ணினால் 194 வருடம்.

ஆனால் புதியது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று ஆராய்கிற இந்தத் துறைக்கு உங்கள் சொட்டு நீர்க் கதை மாதிரியானதுதான் வேரே. உடுமலைப் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போடுகிறார்களே ஒட்டுரக மக்காச்சோளம், அது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முதலில் பரவியபோது, 259 விவசாயிகளிடம் போய் 'எப்போது கேள்விப்பட்டீர்கள், யார் சொல்லி நம்பினீர்கள், எப்போது போட்டீர்கள்' என்று கேட்டு 1943-ல் ஓர் ஆய்வு வந்தது. 1941 வரைக்கும் போடாமல் இருந்தவர் இரண்டே பேர். விதை விற்க வந்தவர் சொல்லித்தான் பலருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னதுதான் அவர்களைப் போட வைத்தது. அதுவும் எடுத்த எடுப்பில் முழுக் காட்டுக்கும் போடவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் கூட்டினார்கள். எவரெட் ரோஜர்ஸ் 1962-ல் புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு கோட்பாடே எழுதினார், அயோவாக்காரர் அவர், விவசாயிகளைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

டாக்டர்களும் இதே மாதிரிதான். ஐந்து நட்சத்திர ஓட்டல் மாநாட்டில் கேட்டதைவிட, அதே ஊரில் கிளினிக் வைத்திருக்கிற இன்னொருவர் 'நான் ஆறு மாதமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு நோயாளிகூடக் கோபித்துக்கொள்ளவில்லை' என்று சொன்னால் அசைந்து கொடுப்பார்கள். ஆனால் தோப்பு ரோட்டிலிருந்தே தெரியும். டாக்டரின் அறைக்குள் நடப்பது பக்கத்து டாக்டருக்குத் தெரியாது. அந்தச் சுவர்தான் பெரிய இடைஞ்சல் என்பது என் எண்ணம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருச்செங்கோடு

சரியாகச் செய்யாத டாக்டருக்கு அபராதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஐயா, அலட்சியத்தால் ஒருவருக்குத் தீங்கு வந்தால் சட்டம் இருக்கிறது, அது வேறு. அன்றாடப் பழக்கத்துக்கு அபராதம் போட்டால் கணக்கெழுதுகிற நோட்டுப் புத்தகம்தான் சுத்தமாகும். இங்கிலாந்தில் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் பகுதியிலேயே அதிகமாக ஆன்டிபயாட்டிக் எழுதுகிற கிளினிக்குகளைக் கண்டுபிடித்து, 'உங்கள் பகுதியில் 80 விழுக்காடு கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன' என்று நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கையெழுத்திட்ட ஒரு கடிதம் அனுப்பினார்கள், எழுதாமல் எப்படிச் சமாளிக்கலாம் என்பதையும் சேர்த்து. அந்தக் கிளினிக்குகளில் மருந்துச் சீட்டு 3.3 விழுக்காடு குறைந்தது. சின்ன எண் மாதிரி இருக்கும். ஆனால் செலவு ஒரு தபால், நாடு முழுக்கக் கணக்குப் போட்டால் பல்லாயிரம் சீட்டு. பொதுவாகவே செய்ததை அளந்து திருப்பிக் காட்டும் முறைக்கு இந்த மாதிரி நிதானமான பலன்தான் கிடைக்கிறது. 140 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ம் ஆண்டு தொகுப்பில் நடுவாக 4.3 விழுக்காட்டுப் புள்ளி முன்னேற்றம். மந்திரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

முதுநிலை மருத்துவ மாணவர், கோயம்புத்தூர்

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களுக்கு முதுகுவலி வந்தால் முதல் வாரமே எக்ஸ்ரே, எம்ஆர்ஐ என்று எழுதிவிடுகிறார்கள். ஆபத்து அறிகுறி இல்லையென்றால் தேவையில்லை என்று வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. இதை ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறேன். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்று ஒரு வினாத்தாள் தயாரிக்கச் சொல்கிறார் என் கைடு. நடத்தைக் கோட்பாடு எதையாவது பயன்படுத்தலாமா? எதை?

நல்ல தலைப்பு தம்பி. அந்த வினாத்தாளை வைத்தால் என்ன கிடைக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: அறிவு நன்று, மனப்பான்மை நன்று, நடைமுறை சுமார். பரிந்துரை: கூடுதல் பயிற்சி. நம் கல்லூரி நூலகங்களில் இப்படி முடிகிற கட்டுரைகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன.

முதலில் கோட்பாட்டைத் தள்ளி வை. என்ன நடத்தை என்று ஒரே வாக்கியத்தில் எழுது. 'நெறியைப் பின்பற்றுவது' நடத்தை ஆகாது. யார், என்ன செய்ய வேண்டும், யாருக்கு, எங்கே, எப்போது? 'சோமனூர்ப் பகுதித் தனியார் கிளினிக்கில் உள்ள பொது மருத்துவர், ஆபத்து அறிகுறி இல்லாத புதிய முதுகுவலிக்கு, முதல் சந்திப்பில், எக்ஸ்ரே எழுதாமல், நடமாட்டத்தைத் தொடரச் சொல்லி அனுப்புவது' – இப்படி எழுதினாயானால் பாதி வேலை முடிந்தது. அதை எழுதும்போதே இதில் இரண்டு நடத்தை இருக்கிறது, எழுதாமல் விடுவது ஒன்று, நோயாளியிடம் பேசுவது ஒன்று, இரண்டுக்கும் தடை வேறு வேறு என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கோட்பாட்டுக் களங்களின் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது. உளவியலின் 33 கோட்பாடுகளை உளவியலாளர் அல்லாதவர்களும் பயன்படுத்தும்படி 2005-ல் 12 களங்களாகச் சுருக்கினார்கள், 2012-ல் அதைத் திருத்தி 14 ஆக்கினார்கள். அறிவும் திறமையும் அதில் இரண்டே இரண்டு. தொழில் அடையாளம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, விளைவு பற்றிய எண்ணம், ஞாபகமும் கவனமும், சூழலும் வசதியும், மற்றவர்களின் தாக்கம், பயம் முதலான உணர்ச்சிகள் என்று மற்றவை விரியும். உன் கைடு சொல்கிற வினாத்தாள் எதையெல்லாம் கேட்காமல் விடுகிறது என்று பார்க்க இந்தப் பதினாலும் உதவும். பத்துப் பதினைந்து டாக்டர்களிடம் நேரில் உட்கார்ந்து பேசு, ஆனால் களத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதே. 'போன வாரம் கடைசியாக வந்த முதுகுவலிக்காரரைச் சொல்லுங்க, எக்ஸ்ரே எழுதுவதற்கு முந்தின நிமிஷம் என்ன ஓடிச்சு?' என்று கேள். 'ஏதாவது விட்டுப்போய் நாளைக்கு என் பேர் கெட்டுட்டா?' என்று ஒருவர் சொல்வார், அது உணர்ச்சியும் விளைவு பற்றிய எண்ணமும். 'தறியை நிறுத்திட்டு வந்திருக்கான், படம் எடுத்துக் காட்டினால்தான் ஓனர் லீவு கொடுப்பான்' என்று இன்னொருவர் சொல்லலாம். அது டாக்டரின் தலைக்குள்ளேயே இல்லை, தறிக்கூடத்தில் இருக்கிறது. அங்கே டாக்டருக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

தடை தெரிந்த பிறகு அதற்கு ஏற்ற உத்தியைத் தேடு. 2013-ல் வந்த தொகுப்பில் 93 உத்திகளுக்குப் பெயரும் விளக்கமும் இருக்கிறது, அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் கேட்டுக்கொள். கோட்பாட்டை வைத்துக் கட்டினாலே வெற்றி என்று யாராவது சொன்னால் நம்பாதே. உன் தலைப்பிலேயே, ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவர்களின் முதுகுவலி சிகிச்சையை மாற்ற இப்படித்தான் கவனமாகக் கட்டின பயிற்சியைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். நெறிப்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவர்களிடம் கொஞ்சம் கூடியது. நடைமுறையில் எக்ஸ்ரே குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. மேலே சிஸ்டருக்கு எழுதினேனே மிச்சிகன் கதை, அதை இங்கிலாந்தில் எடுத்துப்போய்ச் செய்தபோது தொற்று குறையத்தான் குறைந்தது, ஆனால் திட்டம் இன்னும் தொடங்காத ஐசியுக்களிலும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தது. கோட்பாட்டால் என்ன லாபம் என்றால், தோற்றாலும் எந்த இடத்தில் தோற்றோம் என்று சொல்ல முடியும். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு எண்ணம் மாறியும் செயல் மாறவில்லை என்று தெரிந்தது, அடுத்து வருகிறவன் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் தேடலாம். அந்த அடுத்து வருகிறவன் நீயாகவே இருக்கலாம். கட்டுரை முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், தாராபுரம் பக்கம்

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறேன் சார். கையில் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த மாதம் பாதி அட்டை அப்படியே இருக்கிறது. கேட்டால் 'நல்லாத்தான கண்ணு இருக்கறேன், எதுக்கு மாத்திரை' என்கிறார்கள். திட்டியும் பார்த்துவிட்டேன்.

திட்ட வேண்டாம் தங்கச்சி. திட்டினால் அடுத்த மாதம் மீதி மாத்திரையைத் தகரப்பெட்டிக்குள் போட்டுவிட்டு, எல்லாம் சாப்பிட்டாச்சு என்பார்கள், உங்களுக்கு உண்மையும் தெரியாமல் போகும். 2021 ஆகஸ்டில் இந்தத் திட்டம் தொடங்கியபோது ஒரு பெரிய தடையை எடுத்துவிட்டார்கள். பஸ் ஏறி, கூலியை விட்டு, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மேலே சிஸ்டருக்குச் சொன்ன மூன்றில் அது வாய்ப்பு. மீதி இரண்டும், திறனும் உந்துதலும், உங்கள் கையில்தான் இருக்கிறது.

'நல்லாத்தான் இருக்கறேன்' என்கிறவரிடம் வாதம் பண்ணாதீர்கள், அவர் சொல்வது அவருக்கு உண்மை, ரத்த அழுத்தம் வலிக்காது. உங்களிடம் பிரஷர் மிஷின் இருக்கிறது. அளந்து, எண்ணை அவர் நோட்டிலேயே தேதி போட்டு எழுதுங்கள், போன மாத எண்ணுக்குப் பக்கத்தில். மாத்திரை போட்ட மாதமும் போடாத மாதமும் அவர் கண்ணுக்கே தெரியட்டும். கண் சரியாகத் தெரியாத அமுச்சிகளுக்குப் பேத்தியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மறதிக்கு வேறு வழி. 'தினமும் காலையில் போடுங்க' என்று சொன்னால் போதாது, காலை என்பது நீளமானது. பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் தொகுத்து எழுதினார்: 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று ஒருவர் தன் வாயாலேயே சொல்லி வைத்துக்கொண்டால், செய்கிற வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அதனால் ஒவ்வொருவரிடமும் தினம் தவறாமல் நடக்கிற ஒன்றைக் கேளுங்கள். 'சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்து கேனைக் கவுத்ததும் மாத்திரை' என்று ஒரு அப்பாரு சொல்லட்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்காமல் அவரே சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையும் அந்தப் பால் கேன் கவிழ்க்கிற திட்டுக்கு மேலே, மழை படாத மாடத்தில் இருக்கட்டும்.

மாத்திரை சாப்பிட்டால் கால் வீங்குகிறது, வறட்டு இருமல் வருகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லி நிறுத்தினவர்கள் தனி. அவர்களை இந்த வழியில் சமாளிக்கக் கூடாது. மாத்திரையையே மாற்ற வேண்டியிருக்கலாம். பெயரைக் குறித்து உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் முதல் பத்து வீட்டில் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள், எத்தனை அட்டை காலியானது என்று எனக்கு எழுதுங்கள், மீதி மாத்திரை குறையாவிட்டாலும் எழுதுங்கள்.